ஸ்கேன் முடிந்தது, வேலை முடியவில்லை

கல்லூரி நூலகங்களுக்குப் பணம் ஒதுக்கும் கூட்டங்களில் ஒரு வாதம் இப்போது எதிர்ப்பே இல்லாமல் வென்றுவிடுகிறது. பழைய கடிதங்கள், கையெழுத்துப் படிகள், அரிய பதிப்புகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிடலாம். மூலங்களை ஏதாவது ஒரு கிடங்கில் பூட்டி வைக்கலாம். பிறகு அந்தப் பிரிவுக்கென்று தனியாக ஒரு நூலகர் எதற்கு? கெட்ட எண்ணத்தில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. நிர்வாகிகள் கேட்கிறார்கள், பேராசிரியர்கள் கேட்கிறார்கள், புத்தகங்களை நேசிப்பவர்களும் கேட்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் கிளம்பிய இந்தப் பேச்சு சென்னைக்கும் மதுரைக்கும் வந்துவிட்டது. இந்தத் துறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். இந்த வாதத்தின் முடிவு தவறு. அது நிற்கிற அடித்தளமும் தவறு. மூலம் என்பது அதன் மேல் எழுதியிருக்கும் எழுத்து மட்டுமே என்று அது நினைக்கிறது. நூலகர் வேலை என்பது பூட்டுவதும் திறப்பதும் மட்டுமே என்று நினைக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஸ்கேனுக்கு எதிரி அல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 அளவில் நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதை அறிந்த எந்தத் தமிழரும் படியெடுப்பதை எதிர்க்க முடியாது. ஒரே படி இருக்கும் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டும், சீக்கிரம் செய்ய வேண்டும். ஸ்கேன் செய்வது நூலகரின் வேலைகளில் ஒன்று. அந்த ஒன்றைக் காட்டி மற்ற எல்லா வேலைகளையும் ஒழிக்கப் பார்ப்பதைத்தான் மறுக்கிறேன்.

சிறப்புச் சேகரிப்பு நூலகர் என்றதும் பலர் மனத்தில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு தங்கப் பெட்டிபோல ஒரு புத்தகத்தை ஏந்தி வரும் ஒருவர் தோன்றுகிறார். சினிமாவும் தொலைக்காட்சியும் வளர்த்த உருவம் அது. பழைய தாளைக் கையுறையோடு நாங்கள் தொடுவதில்லை. கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் மென்மை தெரியாமல் ஓரம் கிழிந்துவிடும். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு வெறுங்கையால் எடுப்பதே முறை, கையுறை புகைப்படங்களுக்குத்தான். ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், கையுறை உருவத்தை நம்புகிறவர்களுக்கு இந்த வேலை ஒரு காவல் வேலையாகத் தெரிகிறது. காவலுக்கு ஒரு கேமரா போதும் என்று தோன்றுவது அதன் பிறகு இயல்புதான்.

உண்மையில் நடப்பது வேறு. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் இறந்துபோகிறார். வீட்டின் மூலையில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் அழைக்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று அங்கேயே முடிவு செய்ய வேண்டும். பூஞ்சை பிடித்ததைத் தனியாக வைக்காவிட்டால் நூலகத்தில் இருப்பதும் கெடும். உரிமை யாருக்கு, யார் எதை எப்போது பார்க்கலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பெட்டிகள் வந்த பிறகு துருப்பிடித்த குண்டூசிகளையும் கிளிப்புகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, அமிலமில்லாத உறைகளில் மாற்ற வேண்டும். அவர் வைத்திருந்த வரிசையைக் கலைக்கக் கூடாது. ஒரு மாணவருக்கு எழுதிய பரிந்துரைக் கடிதம் ஏன் கண்டனக் கடிதத்துக்குப் பக்கத்தில் இருந்தது என்பதுகூட நாளை ஒருவருக்குச் செய்தியாகும். மற்றவர்களின் நோய், கடன், குடும்பச் சண்டை பற்றிய தாள்கள் நடுவில் வரும். உயிரோடிருப்பவர்களைப் பாதிக்கக்கூடியவற்றை இத்தனை ஆண்டுக்குத் திறக்கக் கூடாது என்று குறிக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும், யார் இவர், எப்போது எழுதியவை, எந்தப் பெட்டியில் எது, எங்கே இடைவெளி விழுகிறது என்று ஒரு விவரப்பட்டியல் எழுத வேண்டும். இந்தப் பட்டியல்தான் எல்லாவற்றுக்கும் உயிர். ஸ்கேனர் வருவது இதற்கும் பிறகு.

பட்டியல் இல்லாமல் ஸ்கேன் செய்தால் என்ன கிடைக்கும்? எண்ணிட்ட படங்கள் கிடைக்கும். கையெழுத்தைக் கணினி படிக்கும் காலம் வந்துவிட்டது, இனி பட்டியல் எதற்கு என்கிறார்கள். கணினி படிக்கட்டும், நல்லது. எனக்கும் அது உதவுகிறது. ஆனால், தேதி போடாத கடிதத்துக்குத் தேதி அந்தக் கடிதத்துக்குள் இல்லை. அது வந்த உறையில் இருக்கிறது, அடுத்திருந்த கடிதத்தில் இருக்கிறது, அந்தப் பெட்டி யார் வீட்டிலிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. அதைக் குறித்து வைத்தவர் ஒருவர் இருந்தால்தான் கணினிக்கும் தெரியும்.

இதைப் பற்றி 2012இல் அமெரிக்காவில் ஒரு விவாதமே நடந்தது. 1865 ஏப்ரல் 14 இரவு லிங்கன் சுடப்பட்டபோது முதலில் அவரிடம் ஓடிவந்த மருத்துவர் சார்லஸ் லீல், 23 வயது ராணுவ மருத்துவர். அவர் எழுதிய அறிக்கையின் படி ஒன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் ஓர் ஆய்வாளர் கைக்குக் கிடைத்தது. “கண்டுபிடிப்பு” என்று பத்திரிகைகள் கொண்டாடின. வரலாற்றாசிரியர் ஒருவர் அட்லாண்டிக் இதழில் எதிர்ப்புத் தெரிவித்தார்: காப்பகத்தில் ஒழுங்காக வைத்திருந்ததைப் போய் எடுத்ததைக் கண்டுபிடிப்பு என்று சொல்லலாமா? தனித்தாள் அளவில் யாரும் பட்டியலிடாததைத் தேடி எடுத்தது கண்டுபிடிப்புதானே என்று அந்த ஆய்வாளர் பதில் சொன்னார். இருவர் பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒன்றுதான் என்னை ஈர்க்கிறது. ராணுவத் தலைமை மருத்துவருக்கு வந்த கடிதங்களில், அனுப்பியவர் பெயரின் முதல் எழுத்தான ‘எல்’ வரிசையில் அந்த அறிக்கை இருந்தது. பெயர் தெரியாத எத்தனையோ எழுத்தர்களும் காப்பாளர்களும் ஒன்றரை நூற்றாண்டாக அந்த வரிசையைக் கலைக்காமல் வைத்திருந்தார்கள். ஆய்வாளரின் திறமைக்கு வேலை கொடுத்தது அந்த வரிசைதான்.

எழுத்தின் படம் கிடைத்தால் போதும் என்பவர்களுக்கு அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் தாள்களைக் காட்டுகிறேன். அவற்றில் ஒரு பங்கு மாசசூசெட்ஸில் உள்ள ஆமர்ஸ்ட் கல்லூரியில் இருக்கிறது. அது சிறிய கல்லூரி, பெரிய பல்கலைக்கழகம் அல்ல. டிக்கின்சன் ஆமர்ஸ்ட் ஊர்க்காரர். அவருடைய தாத்தா அந்தக் கல்லூரியை நிறுவியவர்களில் ஒருவர், அப்பா அதன் பொருளாளர். 1886இல் டிக்கின்சன் இறந்த பிறகுதான் ஏறத்தாழ 1,800 கவிதைகள் வெளியே தெரிந்தன. உயிரோடிருந்தபோது அச்சானவை பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இல்லை. கவிதைகளில் பலவற்றைத் தாள்களில் எழுதி மடித்து, ஊசியால் ஓரத்தில் துளையிட்டு நூலால் தைத்துச் சிறு கையேடுகளாக வைத்திருந்தார். அப்படி 40 கையேடுகள். அவற்றைப் பதிப்பிக்க எடுத்துக்கொண்ட மேபல் லூமிஸ் டாட் நூலைப் பிரித்துத் தாள்களைத் தனித்தனியாக்கிவிட்டார். டாடுக்கும் டிக்கின்சன் குடும்பத்துக்கும் இடையே நடந்த கசப்பான சண்டையில் தாள்கள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு பங்கு 1950இல் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்துக்குப் போனது. டாட் வசம் இருந்த பங்கை 1956இல் அவருடைய மகள் ஆமர்ஸ்ட் கல்லூரிக்குக் கொடுத்தார்.

கவிஞர் எந்தக் கவிதைக்குப் பக்கத்தில் எதை வைத்தார் என்பது இதனால் தொலைந்துபோனது. அதை மீட்டவர் ரால்ஃப் ஃபிராங்க்ளின். தாளின் வகை, மடிப்பு, ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு ஊறிய கறை, ஊசித் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடம் ஆகியவற்றை வைத்துக் கையேடுகளை மறுபடி அடுக்கினார். 1981இல் அந்த வரிசையோடு நகல்பதிப்பு வெளிவந்தது. இன்று டிக்கின்சனைப் பற்றி எழுதும் யாரும் அந்த வரிசையைத் தாண்டிப் போக முடியாது. சொற்களை மட்டும் நம்பியிருந்தால் அந்த வரிசை என்றைக்கும் கிடைத்திருக்காது. துளையும் கறையும் அவருக்கு வழி காட்டின. ஃபிராங்க்ளின் பின்னர் யேல் பல்கலைக்கழகத்தின் பைனிக்கி அரிய நூலகத்துக்கு இயக்குநராக இருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே தாள்களில் இன்னொன்றும் இருக்கிறது. அண்ணன் மனைவி சூசனைப் பற்றிய சில வரிகளை யாரோ அழித்திருக்கிறார்கள். சில இடங்களில் சுரண்டியும், சில இடங்களில் மையால் அடித்தும். அழித்தது எந்த மை, எழுதியது எந்த மை என்று பார்க்க வெளிச்சத்தைச் சாய்க்க வேண்டும், வேறு அலைநீளத்தில் படம் எடுக்க வேண்டும். முன்பே எடுத்துவைத்த ஸ்கேனிடம் புதிய கேள்வியைக் கேட்க முடியாது. அது எந்தக் கேள்விக்காக எடுக்கப்பட்டதோ அதற்கு மட்டுமே பதில் சொல்லும். கடைசிக் காலத்தில் டிக்கின்சன் பழைய கடித உறைகளைப் பிரித்து அவற்றின் உள்பக்கத்தில் எழுதினார். உறையின் மடிப்புக்கும் முக்கோணத்துக்கும் ஏற்ப வரிகள் திரும்புகின்றன. ஆமர்ஸ்ட் கல்லூரி தன்னிடம் இருக்கும் டிக்கின்சன் கையெழுத்துப் படிகளை ஸ்கேன் செய்து உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவிட்டது. அதைச் செய்து முடித்தவர்கள் யார்? யாரை வேண்டாம் என்கிறீர்களோ, அந்தச் சிறப்புச் சேகரிப்புக்காரர்கள்தான். ஒவ்வொரு துண்டுக்கும் எண், அளவு, தேதி, எந்தப் பதிப்பில் எந்தக் கவிதை என்ற குறிப்பு இல்லாமல் அந்தப் படங்களால் எவருக்கும் பயன் இருந்திருக்காது.

மிச்சிகன் பல்கலைக்கழக நூலகத்தின் கதை இதைவிடக் கூர்மையானது. கலிலியோ கையால் எழுதியது என்று ஒரே ஒரு தாள் அங்கே பெருமையாக இருந்தது. மேல்பாதியில் தொலைநோக்கி பற்றி வெனிஸ் ஆட்சியாளருக்கு 1609இல் எழுதிய கடித வரைவு, கீழ்ப்பாதியில் 1610 ஜனவரியில் வியாழனின் நிலவுகளைப் பார்த்த குறிப்பு. 1938இல் நூலகத்துக்கு வந்தது. பல பத்தாண்டுகள் அதன் படம் புத்தகங்களிலும் இணையத்திலும் சுற்றியது. 2022இல் நிக் வைல்டிங் என்ற வரலாற்றாசிரியருக்கு அதன் எழுத்திலும் சொற்களிலும் சந்தேகம் வந்தது. சந்தேகத்தை எழுப்பியதில் படத்துக்கும் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் முடிவு செய்தது தாள். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறியில் பெர்கமோ நகரைக் குறிக்கும் மூன்றெழுத்து இருந்தது. அந்தக் குறி உள்ள வேறு எந்தத் தாளும் 1770க்கு முந்தியதாக இல்லை. கலிலியோ இறந்தது 1642இல். தாள் வந்த வழியைத் தோண்டியதும் டோபியா நிக்கோத்ரா என்ற இத்தாலியப் போலிக்காரர் வெளிப்பட்டார். இதை ஒப்பிட்டு உண்மை என்று சான்று தந்த பீசா நகரக் கர்தினால், ஒப்பிடப் பயன்படுத்திய தாள்களும் அதே நிக்கோத்ராவிடமிருந்து வந்தவை. 2022 ஆகஸ்டில் இது போலி என்று நூலகமே அறிவித்தது.

மூலத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுப் படத்தை மட்டும் வைத்திருந்தால் இன்றும் அது கலிலியோ கையெழுத்தாகவே இருக்கும். பொக்கிஷம் என்று தாங்கள் காட்டிவந்ததைப் போலி என்று தாங்களே அறிவிக்கும் நேர்மை ஒரு நிறுவனத்துக்கு எங்கிருந்து வருகிறது? கேட்பவருக்குப் பதில் சொல்ல, கோப்பைத் திறந்து காட்ட, தாளை வெளிச்சத்தில் பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர் சம்பளத்தில் இருப்பதிலிருந்து வருகிறது.

“படி இருந்தால் மூலம் வேண்டாம்” என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. மைக்ரோஃபிலிம் வந்தபோது இதையேதான் சொன்னார்கள். செய்தித்தாள்கள் பொடிந்துவிடும், படம் எடுத்தாயிற்று, இடம் இல்லை என்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நூலகங்கள் தங்கள் பழைய நாளிதழ்த் தொகுதிகளை வெட்டிப் படமெடுத்துக் கழித்துக் கட்டின. 1999இல் பிரிட்டிஷ் நூலகம் தன்னிடமிருந்த அமெரிக்க நாளிதழ்த் தொகுதிகளை விற்க முன்வந்தது. நிக்கல்சன் பேக்கர் என்ற நாவலாசிரியர் ஓர் அறக்கட்டளை தொடங்கி, தம்மால் முடிந்தவற்றை வாங்கிக் காப்பாற்றினார். புலிட்சரின் ‘நியூயார்க் வேர்ல்ட்’ இதழின் வண்ணப் பக்கங்கள் அவற்றில் இருந்தன. மைக்ரோஃபிலிமில் அவை கறுப்பு வெள்ளை, பல இடங்களில் படிக்கவே முடியாத கறுப்பு. 2004இல் அந்தத் தொகுதிகள் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போயின. பேக்கர் 2001இல் எழுதிய ‘டபுள் ஃபோல்ட்’ நூலில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் நூலகர்களே. என் துறைக்கு அது வலிக்கிறது. வலித்தாலும் குற்றச்சாட்டு பெரும்பாலும் சரி. மூலம் என்பது எழுத்து மட்டுமே என்று நூலகர்களே நம்பியபோது என்ன நடந்தது என்பதற்கு அந்த நூல் சாட்சி. அதே நம்பிக்கையை இப்போது நிர்வாகிகள் எங்களிடம் திருப்பி விற்கிறார்கள்.

மின்படி அழியாதது என்றும் சொல்கிறார்கள். 2023 அக்டோபர் 28 அன்று பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை ஒரு கும்பல் முடக்கிப் பிணைத்தொகை கேட்டது. நூலகம் பணம் தரவில்லை. முதன்மைப் பட்டியலே 2024 ஜனவரி நடுவில்தான், அதுவும் தேடிப் பார்க்க மட்டும் என்ற அளவில், திரும்பி வந்தது. மின்னாக்கம் செய்த கையெழுத்துப் படிகள் அதற்கும் பிறகு நெடுங்காலம் பார்க்கக் கிடைக்கவில்லை. அலமாரியில் இருந்த மூலங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. பணியாளர்கள் கையால் சீட்டு எழுதித் தேடி எடுத்துக் கொடுத்தார்கள்.

தொடக்கத்திலேயே கணினியில் பிறந்தவை இன்னும் கடினம். சல்மான் ருஷ்டி தம் ஆவணங்களை எமரி பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தபோது தாள்களோடு பழைய ஆப்பிள் கணினிகளும் வந்தன. அவற்றில் இருந்தவற்றைக் கெடாமல் படியெடுத்து, தனிப்பட்டவற்றைப் பிரித்து, அவர் பயன்படுத்திய அதே திரைத் தோற்றத்தில் வாசகர் பார்க்கும்படி 2010இல் திறந்தார்கள். நூலகரும் கணினி அறிந்தவர்களும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் செய்த வேலை அது. மின்னணுக் காலத்தில் இந்த வேலை குறையும் என்று யார் சொன்னது?

அடுத்த குற்றச்சாட்டு, வாசிப்பறைக்கு வருபவர்கள் சிலர்தான் என்பது. வருகைப் பதிவேட்டை எண்ணி மதிப்பிடுகிறார்கள். கல்லூரியில் இந்த அறைக்கு வருபவர்களில் பலர் ஆய்வாளர்கள் அல்லர், பதினெட்டு பத்தொன்பது வயது மாணவர்கள். வரலாற்று வகுப்பை இங்கே கூட்டி வருகிறார்கள். ஒரே நிகழ்ச்சியைப் பற்றி ஒரு கடிதம், ஒரு துண்டறிக்கை, கல்லூரி நிர்வாகக் குழுவின் குறிப்பு மூன்றையும் மேசையில் வைத்து, எது யாரிடம் பொய் சொல்கிறது என்று கேட்டால் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். பாடநூல் எங்கிருந்து எழுதப்படுகிறது என்று அன்றைக்குத்தான் பலருக்குப் புரிகிறது. எந்த மூன்று தாளை எடுத்து வைப்பது என்று முடிவு செய்ய, பெட்டிகளை உள்ளும் புறமும் அறிந்த ஒருவர் வேண்டும். அந்த அறிவு பதிவேட்டில் ஏறாது.

ஆட்களைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பிட்ஸ்பர்க் கார்னகி நூலகம் ஒரு கொடுமையான பதில். அதன் அரிய நூல் அறையை 1992 முதல் ஒரே காப்பாளர் பார்த்துக்கொண்டார். அறையின் பொறுப்பு முழுவதும் அவர் ஒருவரிடமே. பல ஆண்டுகளாக அவர் நூல்களையும் வரைபடங்களையும் ஒரு புத்தக வணிகரிடம் கொடுத்துக்கொண்டிருந்தது 2017இல் நடந்த கணக்கெடுப்பில் வெளிவந்தது. இழப்பு ஏறத்தாழ 80 லட்சம் டாலர். “பார்த்தீர்களா, காப்பாளரே திருடன்” என்று சிலர் இதை எனக்கெதிராகவே எடுத்து வீசுவார்கள். ஒரு அறையை ஒரே ஆளிடம் விட்டு, அவர் வேலையைச் சரிபார்க்க இன்னொருவரை வைக்காததன் விலை அது. பூட்டிய கிடங்கில் ஆளே இல்லாமல் வைத்தால் கணக்கெடுப்பவர் யார்?

இதெல்லாம் எங்கோ அமெரிக்கக் கதை என்று ஒதுக்க முடியாது. 1816இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அமெரிக்க மிஷனின் கடிதங்கள், வட்டுக்கோட்டை செமினரி பற்றிய அறிக்கைகள் உட்பட, டிக்கின்சனின் தாள்கள் இருக்கும் அதே ஹூட்டன் நூலகத்தில்தான் இருக்கின்றன. மிஷன் வாரியாகப் பிரித்து வைத்தவர்கள் இருந்ததால்தான் இன்று ஒரு தமிழ் ஆய்வாளர் அங்கே போய்த் தமக்கு வேண்டிய தொகுதியைக் கேட்டு வாங்க முடிகிறது. நம்மிடமே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று எந்தக் கல்லூரியும் மதிக்காததையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் சேகரிப்பை வாங்கியது. பெட்டிகளை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றவில்லை. 1994இல் சேகரிப்பு சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆனது. அதை ஆராய்ச்சி நூலகமாக்கியது அந்தப் பணம் மட்டுமல்ல. ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்துத் தலைப்பு, ஆண்டு, அச்சகம் பார்த்துப் பட்டியலிட்டவர்களின் உழைப்பு. மைக்ரோஃபிலிமும் மின்னாக்கமும் அந்தப் பட்டியலோடு சேர்ந்தே பயன்பட்டன.

நூறு நூற்றைம்பது ஆண்டு கண்ட நம் கல்லூரிகளின் நூலகங்களில் பழைய ஆண்டு மலர்களும் மாணவர் சங்கக் குறிப்பேடுகளும் பேராசிரியர்களின் கடிதங்களும் பூட்டிய பீரோக்களில் கிடக்கின்றன. அவற்றுக்கென்று ஒரு பணியிடம் பெரும்பாலும் இல்லை. இப்போது மின்னாக்கத்துக்கு நிதி வருகிறது. ஸ்கேனர் வாங்குகிறார்கள், வெளியாரை ஒப்பந்தத்தில் அழைத்துப் பக்கக் கணக்கில் கூலி பேசுகிறார்கள். பக்கக் கணக்கில் கூலி என்றால் மடித்த வரைபடத்தை யாரும் விரிக்க மாட்டார்கள். ஒட்டிய சீட்டைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். வேலை முடிந்ததும் பீரோவைக் காலி செய்யச் சொல்வார்கள். பழைய பேப்பர் கடை எந்த ஊரிலும் தூரம் இல்லை.

ஆகவே நிதி தருபவர்களிடம் என் கோரிக்கை ஒன்றே. மின்னாக்கத் திட்டத்துக்குப் பணம் தரும்போது, அதே ஆணையில் முழுநேர, நிரந்தரப் பணியிடம் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். தாத்தாவின் டைரிகளையும் அப்பாவின் கடிதக் கட்டுகளையும் கல்லூரிக்குக் கொடுக்க நினைக்கும் குடும்பங்களுக்கும் சொல்கிறேன். கொடுக்கும் முன் அங்கே போய்க் கேளுங்கள்: இதை யார் பிரிப்பார், பட்டியலை யார் எழுதுவார், எப்போது, ஸ்கேன் முடிந்த பிறகு மூலத்தை என்ன செய்வீர்கள்? பதிலாக ஒரு இயந்திரத்தைக் காட்டினால் பெட்டியைத் திரும்ப வீட்டுக்கே கொண்டு வந்துவிடுங்கள். ஒரு ஆளைக் காட்டினால், உட்கார்ந்து பேசி, எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.